ஆலயம் எழும்புமுன்னே: முத்துக்கரை தரும் ஒரு பாடம்



உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கப்படுகிற நடமாடும் மருத்துவ ஊழியம் தூத்துக்குடி உப்பளப் பகுதியில் வாரந்தோறும் நடந்து வருவதை அறிவீர்கள். அங்கே மருந்து வாங்க வருகிறவர்களில் சிலர் இப்பொழுது மருந்து வாங்கின பின்பும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுகிறார்கள். வேதத்திலிருந்து ஒரு சம்பவத்தைச் சொன்னால், அடுத்த வாரம் வந்து அதின் மிச்சத்தைக் கேட்கிறார்கள். உப்பு வாருகிற பெண்கள், துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவர்கள், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் என்று பல தொழில்காரர் இவர்களில் உண்டு. இவர்கள் ஒரே ஊராரும் அல்ல, ஒரே ஜாதியாரும் அல்ல.

"இவர்களை எப்பொழுது ஒரு சபையாகக் கூட்டப் போகிறீர்கள்? கட்டட நிதி தொடங்கிவிட்டீர்களா?" என்று உங்களில் பலர் அன்போடு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ஓரிரு வரியில் பதில் எழுதி முடிக்கிற காரியமாக இது எங்களுக்குத் தோன்றவில்லை. ஆகவே இந்தக் கரையிலேயே புதுவிதமான சபைகள் எப்படித் தொடங்கின, தொடங்கினவர்கள் எப்படி ஆயத்தப்பட்டார்கள், எங்கே ஆயத்தமில்லாமல் இறங்கினார்கள் என்று எடுத்துப் படித்தோம். மாதாந்தர ஜெபக்கூட்டத்தில் பாடமாக வைத்துப் பேசும்படி அதை இங்கே தருகிறோம். இதில் பெரும்பகுதி கத்தோலிக்க சபையின் சரித்திரம். அதை அந்நியமாக எண்ணாமல் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நம்முடைய மிஷனெரிமார் திருநெல்வேலிச் சீமைக்கு வருவதற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்னே இந்த மணலில் கால் வைத்தவர்கள் அவர்கள்.

பாரைப் பார்த்து, பிறகு பறை

முதலில் ஒரு தொழில் விஷயம். தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பி விளையும் இடத்தைப் 'பார்' என்பார்கள். சிப்பி பருவத்துக்கு வர நாலைந்து வருஷம் செல்லும். வெள்ளைக்காரர் காலத்தில் பாரைச் சோதிக்கவென்றே அதிகாரி இருந்தார். அவருடைய ஆட்கள் பாருக்குப் போய், குளியாட்களை இறக்கி, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். மதிப்புத் திருப்தியாயிருந்தால்தான் முத்துக்குளிப்பு நடக்கும் என்று ஊருக்கு அறிவிப்பு வரும். பருவத்துக்கு முன்னே அள்ளினால் கிடைப்பது கடுகு போன்ற பொடிமுத்து, அதோடு பாரும் வெறுமையாகும். இந்தக் கடலில் கடைசியாக 1961-ம் ஆண்டு முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் இங்கே மூழ்குகிறவர்கள் சங்கு குளிக்கவே மூழ்குகிறார்கள்.

இந்த வழக்கத்தை அறிந்த கரையில், சபை காரியத்தில் மட்டும் பாரைப் பாராமல் பறை அடித்தது எப்படி என்பதே பாடத்தின் முதல் பகுதி.

1536-ல் நடந்தது

முத்துக்குளிப்பில் கைதேர்ந்த பரதவ மக்களுக்கும், முத்து வணிகத்தில் பலமாயிருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே 1530-களில் கடும் பகை மூண்டது. பரதவர் கடலில் பிழைக்க முடியாத நெருக்கத்துக்கு உள்ளானார்கள். அப்பொழுது கோழிக்கோட்டிலிருந்து வந்திருந்த ஜான் தெ குரூஸ் என்ற குதிரை வணிகர் அவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். அவர் போர்ச்சுகல் தேசம் வரை போய் அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடுங்கள், அவர்களுடைய மார்க்கத்தில் சேருங்கள் என்பதே அவருடைய யோசனை. பட்டங்கட்டிமார் சிலர் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களைத் தொடர்ந்து 1536, 1537-ம் ஆண்டுகளில் குருமார் கரையோரமாய் வந்து, ஊர் ஊராக சுமார் 20,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று சரித்திரக்காரர் எழுதுகிறார்கள்.

கொடுத்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இந்த மக்களுக்கோ வேறு மொழி தெரியாது. பிரான்சிஸ் சேவியர் 1542-ம் ஆண்டு வந்து இறங்கியபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் இந்த மக்களுக்குத் தெரியவில்லை என்று தம் சகோதரருக்கு எழுதினார்.

சில பிரசங்கிமார் இதை எடுத்து, பரதவர் பாதுகாப்புக்காகத்தானே வந்தார்கள், விசுவாசத்துக்கா வந்தார்கள் என்று கேட்பதுண்டு. எங்களுக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரி ஊழியத்தில் இருக்கிற நாங்கள் இதை நன்றாய் அறிவோம்: வருகிறவர்கள் எல்லாரும் வலியோடுதான் வருகிறார்கள். நம்முடைய ஆண்டவரிடத்தில் வந்த குஷ்டரோகியும், நூற்றுக்கு அதிபதியும், காய்ச்சலாய்க் கிடந்தவளின் வீட்டாரும் தேவையோடுதான் வந்தார்கள். வாசலில் வருகிறவன் எதற்காக வந்தான் என்பது அவனுடைய கணக்கு. வந்த பிறகு ஆறு வருஷம் யாரும் எட்டிப் பாராதது வரவேற்றவர்களின் கணக்கு.

'எனக்கு வேணும்'

சேவியர் மணப்பாட்டில் வந்து சேர்ந்தபோது, இந்தக் கரையில் பிறந்து கோவாவில் படித்த மூன்று வாலிபர்கள் அவரோடு இருந்தார்கள். அவர்களுடைய உதவியாலும் மொழிபெயர்ப்பாளர்களின் உதவியாலும் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, கையில் ஒரு மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். (உங்களில் ஒருவர் நம்முடைய உப்பளத்துக்கும் ஒரு மணி வாங்கித் தருவதாக எழுதியிருக்கிறார். அவருடைய ஆசையை மதிக்கிறோம். ஆனால் மணி அடிக்குமுன் என்ன சொல்லப் போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டுமே!)

ஏனென்றால் அந்தத் தமிழாக்கத்தில் ஒரு விபரீதம் நேர்ந்திருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவாசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் 'எனக்கு வேணும்' என்று போட்டுவிட்டார்கள். சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவன்மேல் நம்பிக்கையை அறிக்கையிடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, ஊர் ஊராக ஜனங்கள் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேவியர் இதைக் கண்டுபிடித்து, 1544-ல் தம்முடைய உடன் ஊழியரான மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, அந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்ற வார்த்தையைப் போடும்படி திருத்தினார்.

சிரிப்பு வரலாம். ஆனால் சிரித்துவிட்டுக் கடந்து போகாமல் கொஞ்சம் நின்று பாருங்கள். புதிதாய் வருகிறவர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கிற முதல் ஜெபங்கள் இன்றைக்கும் பெரும்பாலும் 'எனக்கு வேணும்' ஜெபங்களே. சுகம் வேண்டும், வேலை வேண்டும், கடன் தீர வேண்டும். அதில் குற்றமில்லை. அதற்கு அடுத்த பாடம் என்ன என்று நாம் ஆயத்தம் பண்ணாமல் இருப்பதுதான் குறை.

சேவியர் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகத்தான் இந்தக் கரையில் முழுநேரமாய் ஊழியம் செய்தார். போகுமுன் அவர் ஒரு ஒழுங்கை ஏற்படுத்தினார். ஊருக்கு ஒருவராக, எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரரைக் கணக்கப்பிள்ளையாக நியமித்து, ஜெபம் சொல்லிக்கொடுப்பது, பிறப்பு இறப்பு பார்ப்பது, அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது ஆகிய பொறுப்புகளை ஒப்படைத்தார். நம் சபைகளில் உபதேசியார் செய்த வேலையை ஏறக்குறைய இவர்கள் செய்தார்கள். இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தக் கரையின் வரிப்பணத்தில் ஆண்டுக்கு 4,000 பணம், போர்ச்சுகல் தேசத்து ராணி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசிமாருக்கு விட்டுக்கொடுக்கும்படி சேவியர் ராணிக்கே எழுதிக் கேட்டுப் பெற்றார். பரலோகம் ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல பாதரட்சை அவளுக்குக் கிடையாது என்பது அவர் சொன்ன நியாயம். காணிக்கை கேட்டு எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடத் துணிச்சலான முன்மாதிரி வேண்டியதில்லை.

அந்தப் பணம் கட்டடத்துக்குப் போகாமல் ஆட்களுக்குப் போயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புன்னைக்காயலில் ஐம்பது ஆண்டுகள்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. இன்றைக்குச் சிறிய ஊர். 16-ம் நூற்றாண்டில் இந்தக் கரையின் தலைமை இடம் அதுவே. அங்கே ஊழியம் செய்த என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கேள்விக்கு மற்ற எவரையும்விட இவருடைய வாழ்க்கையே பதில் தருகிறது.

இவர் 1520-ல் போர்ச்சுகலில் பிறந்தவர். யூத வம்சத்தார். அந்த வம்சத்தின் நிமித்தம் ஒரு துறவற சபையிலிருந்து வெளியேற வேண்டியவரானார். பின்பு இயேசு சபையில் சேர்ந்து, 1546-ல் இந்தியாவுக்கு வந்து, 1547-ல் இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டார். பிறப்பைக் காட்டித் தள்ளப்பட்ட ஒருவரை, ஜாதி என்ற சுவர் எழும்பி நிற்கிற நாட்டுக்குக் கர்த்தர் அனுப்பினார் என்பதை நாங்கள் தற்செயலாக எண்ணவில்லை.

தொடக்கத்தில் தமிழ் அவருக்கு ஏறவில்லை. மொழிபெயர்ப்பாளனை வைத்துக் காலம் தள்ளலாமென்று எண்ணாமல் உட்கார்ந்து படித்தார். பெயர்ச்சொல் எப்படி வேற்றுமை ஏற்கிறது, வினைச்சொல் எப்படித் திரிகிறது என்று தமக்குத் தெரிந்த லத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டார். பிறகு தங்களுக்குள் தமிழிலேயே பேசவேண்டும், தவறினவருக்குத் தண்டனை உண்டு என்று உடன் ஊழியர்களோடு ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார். 1549-ம் ஆண்டு வாக்கிலேயே ஒரு தமிழ் இலக்கணத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிவிட்டார். அதன் கையெழுத்துப் பிரதி இன்றும் லிஸ்பன் நகரத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டுதான் கரைக்கு மூப்பராயிருந்த அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் வடுகர் படையால் கொல்லப்பட்டார். அவருடைய இடத்துக்கு என்றிக்கஸ் வந்தார். 1553-ல் புன்னைக்காயலே தாக்கப்பட்டது. போர்த்துக்கீசியத் தளபதியோடு இவரும் சிறைபிடிக்கப்பட்டு, மீட்புப்பணம் கொடுக்கப்பட்ட பின்பே விடுதலையானார். விடுதலையானவர் ஊருக்குத் திரும்பிப் போகாமல் அதே கரைக்குத் திரும்பினார்.

இனி எங்கள் உள்ளத்தைத் தொட்ட காரியம். 1550-ம் ஆண்டை ஒட்டி, இலக்கணம் எழுதிய கை மை காயுமுன்னே, அவர் புன்னைக்காயலில் ஏழைகளுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். அரசாங்கத்தின் பணம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊர் மக்கள் கொடுத்த காணிக்கையும், குற்றத்துக்கு விதித்த அபராதப் பணமும் அதைத் தாங்கின. குடித்துச் சண்டை போட்டவனின் அபராதம் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சியாகிற ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அதை இன்று அப்படியே நடைமுறைப்படுத்த நாங்கள் துணியவில்லை!

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். 1536-ல் ஞானஸ்நானம் பெற்றபோது அந்த மக்கள் பாதுகாப்பைப் பெற்றுக்கொண்டவர்கள். பதினாலு, பதினைந்து வருஷத்துக்குள் தங்கள் ஊரில் நோயாய்க் கிடக்கிற ஏழைக்குத் தாங்களே செலவு செய்கிறவர்களானார்கள். ஒரு கூட்டம் சபையாகிறது எந்த நாளில் என்று எங்களைக் கேட்டால், இந்த மாற்றம் நடந்த நாளில் என்போம். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தத் தேதி இராது.

இந்த மக்களுடைய கை அதோடு நிற்கவில்லை. என்றிக்கஸ் தமிழாக்கிய சிறு ஞானோபதேசப் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்' 1578-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. மொத்தம் 16 பக்கம். தமிழில் மட்டுமல்ல, இந்திய மொழி எதிலும் அதன் சொந்த எழுத்தில் இந்த நாட்டில் அச்சான முதல் புத்தகம் அது. அச்சு வேலைக்கு முத்துக்கரை மக்கள் 400 குருசாதோ நாணயம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1586-ல் பரிசுத்தவான்களின் சரித்திரம் 600 பக்கத்துக்கு மேலான பெரிய புத்தகமாக அச்சாயிற்று. என்றிக்கஸ் 1600-ம் ஆண்டு காலமானார். தூத்துக்குடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவருடைய ஆயத்தம் வீணாய்ப் போகவில்லை என்பதற்குப் பின்னாளில் ஒரு அத்தாட்சி கிடைத்தது. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்து, இயேசு சபைக் குருமாரைத் துரத்தி, ஆலயத்தைத் தங்கள் வசமாக்கினார்கள். மக்கள் தங்கள் புராட்டஸ்டாண்டு மார்க்கத்துக்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பாதுகாப்புக்காக ஒரு காலத்தில் மார்க்கம் மாறின மக்கள், பாதுகாப்புக் கை மாறினபோது மாறவில்லை. நாம் புராட்டஸ்டாண்டார்தான், ஆனாலும் இந்த இடத்தில் நம்முடைய மரியாதை பரதவ மக்களுக்கே போகிறது.

பனங்காட்டில் தொடங்கிய சபைகள்

நம்முடைய பக்கத்து சரித்திரம் உங்களில் அநேகருக்குத் தெரிந்ததே, ஆகவே சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். தாவீது சுந்தரானந்தம் உபதேசியார் 1799-ல், துன்பப்படுத்தப்பட்ட விசுவாசிகளுக்காக நிலம் வாங்கி, சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூரை உண்டாக்கினார். அந்தக் குடும்பங்களுக்கு முதல் தேவை பயமில்லாமல் படுத்துத் தூங்க ஒரு இடம். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ல், இப்படிப்பட்ட ஊர்களுக்கு நிலம் வாங்கவென்றே தர்ம சங்கம் ஏற்பட்டது. நாசரேத்தில் 1870-ல் டாக்டர் ஸ்டிராக்கன் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, மர்காஷிஸ் ஐயர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்கள் கைத்தொழில் கற்கப் பள்ளி ஏற்படுத்தினார்.

அதே நாசரேத்துக்கு அருகில் 1857-ல் நடந்த இன்னொரு காரியம் நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பவர், மிஷனில் உபதேசியாராயிருந்து விலக்கப்பட்டவர், பிரகாசபுரத்தில் தனியாக ஒரு சபையைத் தொடங்கினார். எபிரேயம், கிரேக்கம் வரை படித்த பண்டிதர் அவர். கால்டுவெல் ஐயர் 1849-ல் வெளியிட்ட புத்தகத்தில் தம் ஜனத்தைத் தாழ்வாய் எழுதியிருந்ததும் அவரையும் அவரோடு சேர்ந்தவர்களையும் மிகவும் புண்படுத்தியிருந்தது. வெள்ளைக்காரருடைய அதிகாரமும் வேண்டாம், அவர்களுடைய பணமும் வேண்டாம் என்றார்கள். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். தரையில் விழுந்து வணங்கினார்கள், தூபம் காட்டினார்கள், திருவிருந்தில் புளித்த திராட்சரசத்துக்குப் பதில் புளியாத ரசத்தை உபயோகித்தார்கள்.

அவர்களுடைய ஆசரிப்புகளில் பலவற்றை நாங்கள் ஏற்கவில்லை. ஆனாலும் அவர்கள் எழுப்பின கேள்வியைத் தள்ள முடியவில்லை. வெளியிலிருந்து பணம் வரும்போது, தீர்மானமும் வெளியிலிருந்தே வருகிறது. பணம் கொடுக்கிறவர்கள் நல்லவர்களாயிருந்தாலும் இப்படித்தான் ஆகிறது. நீங்கள் கொடுக்கிறவர்கள், நாங்கள் உங்கள் கையிலிருந்து வாங்கிப் பங்கிடுகிறவர்கள், ஆகவே இதை உங்களிடத்தில் மறைக்காமல் பேசவேண்டும் என்று எண்ணுகிறோம். உப்பளத்தில் நாளைக்கு ஒரு சபை உண்டாகி, அதன் ஆராதனை நேரத்தையும், அதன் மூப்பரையும், அதன் பாயையும் விளக்கையும்கூட நம் அலுவலகம் தீர்மானித்தால், அது யாருடைய சபை?

அந்தியோகியாவும் நம் பந்தியும்

இதுவரை சொன்ன சபைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாதிக்குள் எழும்பினவை. புன்னைக்காயலில் பரதவர், முதலூரிலும் பிரகாசபுரத்திலும் நாடார். உறவும் ஊரும் ஒன்றாயிருந்ததே அந்தச் சபைகளுக்குப் பலமாயிருந்தது. டச்சுக்காரரிடம் பரதவர் மசியாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பலமே இன்றுவரை கல்லறைத் தோட்டம் வரைக்கும் நம்மைப் பிரிக்கிறது. பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தை வேகமாய்த் தாண்டிப் போகவேண்டாம்.

உப்பளத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அப்படி ஒரே உறவினர் அல்ல. நாங்கள் புதுவிதமான சபை என்று சொல்லுவது இதைத்தான். இப்படிப்பட்டவர்களை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று அறிய அப்போஸ்தலர் நடபடிகள் 11-ம் அதிகாரத்தையும் 13-ம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் சேர்த்து வாசியுங்கள். அந்தியோகியாவில் யூதரும் கிரேக்கரும் கலந்திருந்தார்கள். பர்னபா தனியாய்ச் சமாளிக்காமல், தர்சு பட்டணம் வரை போய்ச் சவுலைத் தேடி அழைத்துவந்தான். இருவரும் ஒரு வருஷம் முழுவதும் போதித்தார்கள். பஞ்சம் வரப்போகிறதென்று கேட்டபோது, தங்களில் அவனவன் சக்திக்குத் தக்கதாக யூதேயாவிலுள்ளவர்களுக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள். கட்டடத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கலாத்தியர் 2-ம் அதிகாரத்துக்குப் போனால், அதே அந்தியோகியாவில் சண்டை எங்கே வந்தது என்று தெரியும். பிரசங்கத்தில் வரவில்லை, ஜெபத்தில் வரவில்லை. பந்தியில் வந்தது.

நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. டாக்டர் சவரிராயன் இயேசுதாசன் தமிழர், டாக்டர் பாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் மருத்துவர். 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்குமுன் பல ஆண்டுகள் ஒன்றாய் ஜெபித்து, ஒன்றாய் வேலை செய்து, வெள்ளையரும் இந்தியரும் சமமாய் ஒரே வீட்டில் வாழமுடியுமா என்று தங்களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். பேட்டன் செல்வந்தக் குடும்பத்துப் பிள்ளை. தம் சொத்தை இந்த ஊழியத்துக்குச் செலவிட்டார். ஜனங்கள் இவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தார்கள். தமிழர் பெரியண்ணன், வெள்ளையர் சின்னண்ணன்! அந்தப் பெயரிலேயே பாதிப் பிரசங்கம் அடங்கிவிட்டது. அங்கே நோயாளிகளுக்கு மருத்துவம் முதலில் நடந்தது. கோவில் கோபுரத்தின் சாயலில் எழும்பிய அழகான ஜெபாலயம் முடிய பத்தாண்டுக்கு மேல் சென்றது.

நாங்கள் செய்திருக்கிற தீர்மானம்

இவைகளையெல்லாம் படித்து ஜெபித்த பின்பு, உப்பளப் பகுதியில் இப்போதைக்குக் கட்டட நிதி தொடங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, அந்தக் கூட்டத்தாரே தெரிந்துகொள்ளும் இரண்டு பெண்களுக்கும் ஒரு ஆணுக்கும் எழுதப் படிக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், கண் நோவுக்கு எப்பொழுது ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று அறியவும் கற்றுக்கொடுக்கிறோம். வெள்ளை உப்பில் படும் வெயில் கண்ணை என்ன செய்யும், உப்புத் தண்ணீர் பாதத்தை எப்படி வெடிக்கப்பண்ணும் என்று எங்களைவிட அவர்களுக்கே அதிகம் தெரியும். கணக்கப்பிள்ளைமாரைப்போல அவர்கள் உள்ளூரிலேயே இருப்பார்கள்.

மருந்துச் சீட்டு எழுதும் இடத்தில் ஜெபக்கூட்டத்துக்குப் பேர் எழுதுவதில்லை. கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் மருந்து ஒன்றே, வரிசை ஒன்றே. வாரக் கூட்டத்தில் அவர்கள் போடுகிற சில்லறைக் காசை நாங்கள் தொடுவதில்லை. டப்பாவும் திறவுகோலும் கணக்கு நோட்டும் அவர்களிடமே இருக்கும். அதில் யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அவர்களே பேசித் தீர்க்கிறார்கள். சபைக்குப் பெயர், ஆராதனை நேரம், மூப்பர் ஆகியவற்றையும் அவர்கள் தீர்மானிக்கும்வரை நாங்கள் தீர்மானிக்கப் போவதில்லை.

மாதம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடுகிறோம். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை ஒரே பாத்திரத்தில் கொட்டிப் பரிமாறுகிறோம். முதல் மாதம் சிலர் தூக்குச்சட்டியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். இரண்டாம் மாதம் ஒருசிலர் திறந்தார்கள். இன்னும் திறக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நிற்கும். மார்கழி வரை கூலி இராது. குடும்பங்கள் வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிற மாதங்கள் அவை. அப்பொழுது அந்தப் பொதுப் பாத்திரத்தில் என்ன விழும், டப்பாவிலிருக்கும் காசை யாருக்குக் கொடுப்பார்கள் என்பதற்காக விசேஷமாய் ஜெபித்துக்கொள்ளுங்கள். 'கட்டட நிதி' என்று குறிப்பிட்டு ஏற்கெனவே காணிக்கை அனுப்பினவர்களின் தொகை தனியே வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பவேண்டுமா, அல்லது உப்பளத் தொழிலாளருக்குக் கறுப்புக் கண்ணாடியும் ரப்பர் பூட்சும் வாங்கப் பயன்படுத்தலாமா என்று அவரவருக்கு இந்த மாதமே தனிக்கடிதம் எழுதுகிறோம். உங்கள் விருப்பத்தைத் தயங்காமல் தெரிவியுங்கள்.